முதல் சுற்றில் பேசாதவர்

அண்ணி குதிரைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். புதிதாக வருகிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். கையில் மைக், கழுத்தில் கிளப் கொடுத்த அட்டை. பின்னால் பந்தயக் குதிரைகள் வட்டமாக நடந்துகொண்டிருக்க, இந்த அம்மாள் எதிரே இருக்கிற காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று சிரிப்பார்கள்.

"மேடம், குதிரை இந்தப் பக்கம் இருக்கு!" என்று ஒருவர் வேலிக்கு வெளியிலிருந்து கத்தினார்.

"தெரியும் சார். நான் இங்க நிக்கிறது அதுங்களுக்கும் தெரியும்" என்றார் அண்ணி, திரும்பாமலே.

பந்தயத்துக்கு முன்பு குதிரைகளை நடத்திக் காட்டும் அந்த வட்டத்தைப் பேடாக் என்பார்கள். அங்கே எந்தக் குதிரை எப்படி இருக்கிறது என்று மைக்கில் சொல்வது அண்ணியின் வேலை. முதல் சுற்றில் அவர் பேச மாட்டார், பார்க்கவும் மாட்டார். செங்கல் பாவிய பாதையில் ஒவ்வொரு குதிரையும் நான்கு காலையும் வைக்கிற சத்தத்தைக் கேட்பார். இரண்டாவது சுற்றில்தான் திரும்புவார். அதற்குள் பாதி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ரெண்டாம் நம்பருக்கு வியர்வை ஜாஸ்தி, ஆனா அது பயத்துல வர்ற வியர்வை, களைப்பு இல்ல. ஜாக்கி ஏறினதும் அடங்கிடும். அஞ்சாம் நம்பர் போன தடவையைவிட வயிறு உள்ள போயிருக்கு, நல்லா ஓட விட்டிருக்காங்க. ஏழாம் நம்பர் இன்னைக்கு ஓட வரல, ஊர் பாக்க வந்திருக்கு."

வேலியைச் சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஏழாம் நம்பரின் சொந்தக்காரர் மட்டும் முறைப்பார்.

பந்தயம் ஓடும்போது வர்ணனை செய்கிறவர் வேறு ஒருவர். மாடியில் கண்ணாடி அறைக்குள் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார். "அவர் சொல்றது எல்லாருக்கும் தெரியற விஷயம். கொஞ்சம் வேகமா சொல்வாரு, அவ்வளவுதான்" என்று அண்ணி அவரைச் சீண்டுவார். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஓடுகிற குதிரை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நடக்கிற குதிரை எதையும் சொல்லாது. அதற்காக யாராவது பேச வேண்டியிருக்கிறது.

வாரநாட்களில் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பிசியோதெரபி பிரிவு. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், எல்லோரும் மறுபடி நடக்கப் பழகும் நீளமான அறை அது. சுவரோரமாகக் கைப்பிடிக் கம்பி, மூலையில் பெரிய பந்து, ஒரு பக்கம் ஆளுயரக் கண்ணாடி. அங்கேயும் முதலில் நோயாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். "நான் பார்த்தா நல்லா நடந்து காட்டுவாங்க. பார்க்கலேன்னா நடக்கிற மாதிரி நடப்பாங்க" என்பார்.

பந்தய மைதானத்துக்கு அவர் வந்து சேர்ந்தது என் அண்ணனால். அண்ணன் தையல்காரர். ஜாக்கிகள் போடும் பளபளப்பான கலர் சட்டைகளைத் தைக்கிறவர். கல்யாணமான புதிதில், தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போன அண்ணனோடு அண்ணியும் போயிருக்கிறார். "அந்தப் பழுப்புக் குதிரைக்கு இடுப்பு வலிக்குது போல, பின்காலை இழுக்குது" என்று அண்ணனிடம் சொன்னது, பக்கத்தில் நின்ற பழைய பேடாக் வர்ணனையாளர் காதில் விழுந்தது. அந்தக் குதிரை கடைசியாக வந்தது. தொண்டை போய் அவர் ஓய்வு பெற்றபோது, அண்ணியின் பெயரைத்தான் சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் அண்ணியின் குரல் நடுங்கியது. அண்ணன் வீட்டுக்கு வந்து, "சட்டை நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றுதான் கேட்டார்.

மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் வாயைத் திறக்காத ரகம். "நாத்தனார்னா முள்ளா குத்தணும். நீ என்ன பஞ்சு மாதிரி இருக்கே? எனக்குச் சண்டை போட ஆளே இல்ல" என்று அண்ணி குறைபட்டுக்கொள்வார். சமையலறையில் நான் நடப்பதைக் கேட்டே, "இன்னைக்குத் தலைவலியா?" என்பார். பெரும்பாலும் தலைவலியாகத்தான் இருக்கும்.

அவர் வந்த காலத்தில் ஒரு பந்தயத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு குதிரைகள் வரும். வட்டத்தில் இடம் போதாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. புதிதாகக் குதிரை வாங்குகிறவர்கள் இல்லை. நல்ல குட்டிகளைப் பெரிய ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே மிச்சமிருந்த கிழட்டுக் குதிரைகளையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். ஓய்வில் இருக்க வேண்டிய குதிரை, கட்டு அவிழ்த்த காலோடு வந்து நிற்கும். பேடாக்கில் நடக்கும் நேரத்தையும் சுருக்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ஒலிபெருக்கியில் மெத்தை விளம்பரம் வந்தது.

அண்ணி அதையும் மைக்கில் சொன்னார். "நாலு குதிரை, மூணு பரிசு. இன்னைக்குத் தோக்கிறதுக்குத்தான் போட்டி." கூட்டம் கைதட்டியது. கிளப் செயலாளர் கைதட்டவில்லை.

பருவத்தின் கடைசி வாரத்தில் செயலாளர் அவரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், தொங்கிய கன்னம், எப்போதும் கர்ச்சீப் கையில்.

"மேடம், நீங்க சொல்றதெல்லாம் உண்மைதான். ஆனா உண்மையை மைக்ல சொல்லச் சொல்லி யாரு கேட்டா?"

"வேற எதைச் சொல்றது சார்?"

"நல்லா இருக்கிறதைச் சொல்லுங்க. ஒவ்வொரு குதிரையிலயும் நல்லதா ஏதாவது இருக்கும்ல? வால் நல்லா இருக்குன்னு சொல்லுங்களேன்! கோப்பைப் பந்தயம் டி.வி.ல வருது. இன்னொரு தடவை குறை சொன்னீங்கன்னா மைக்கை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அண்ணி அழுதார். ஆஸ்பத்திரி வேலை சாப்பாட்டுக்கு, இந்த வேலை உயிருக்கு என்று அடிக்கடி சொல்லுவார். அந்த மைக் இல்லாத சனிக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "வாலைப் பத்தியே பேசிடறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோப்பைப் பந்தயத்துக்கு நான்கே குதிரைகள். நான்குக்குக் குறைந்தால் பந்தயம் ரத்து என்பது கிளப்பின் விதி. அதில் மூன்றாம் நம்பர், அண்ணிக்குப் பிடித்த செந்நிறக் கிழக் குதிரை. லாயத்தில் அதைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கும். ஓட ஆரம்பித்தால் மட்டும் விழித்துக்கொள்ளும்.

அந்த வாரம் பேடாக்கின் செங்கல் பாதைமேல் ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். மழையில் குதிரைகள் வழுக்கக் கூடாது என்பதற்காக. அண்ணியே, "உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்காங்க" என்று பாராட்டினார். பழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார். குதிரைகள் வந்தன. ரப்பரில் காலடிச் சத்தம் கேட்கவே இல்லை. இத்தனை வருஷம் கெட்டது எதுவும் காதில் விழாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றும் அவர் காது அப்படியே எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது தூங்குமூஞ்சியின் உடம்பு மின்னியது, எப்போதும்போல அமைதியாக நடந்தது.

"வாலைப் பத்திச் சொல்லலாம்னு வந்தேன். அதுக்கு வேலை இல்ல. மூணாம் நம்பர் இந்த வருஷத்துலயே இன்னைக்குத்தான் இவ்வளவு நல்லா இருக்கு. இன்னைக்கு இதுதான்."

மாடி முகப்பில் செயலாளர் கர்ச்சீப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு சிரித்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்க ஓடினார்கள்.

பேடாக்கிலிருந்து மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு தார் ரோடு குறுக்கிடும். நான்கு குதிரைகளும் அதைக் கடந்தன. அண்ணி மைக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. மூன்றாவதாகப் போன குதிரையின் சத்தத்தில் ஒரு கால் அவசரமாகத் தரையை விட்டுக்கொண்டிருந்தது. வலிக்கிற காலை யாரும் தரையில் அதிக நேரம் வைக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் தினமும் கேட்கிற சத்தம் அது.

அண்ணன் வேலிப் பக்கத்தில் நின்றிருந்தார். அண்ணி அவரைப் பார்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. சரி என்று அவர் தலையை ஆட்டினார் என்று அண்ணி சொன்னார். ஆட்டவே இல்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்.

"இப்ப நான் சொன்னது தப்பு" என்று ஒலிபெருக்கியில் கேட்டது. "மூணாம் நம்பருக்கு முன்னங்கால் வலிக்குது. டாக்டர், தயவுசெஞ்சு பாருங்க."

மைதானத்தில் குதிரையை நிறுத்தும் அதிகாரம் கால்நடை மருத்துவருக்கும் ஜாக்கிக்கும் மட்டும்தான். மருத்துவர் போய்ப் புல்லில் குதிரையை நடத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினார். கூட்டம் ஊளையிட்டது.

"டாக்டர், புல்லுல வேண்டாம். தார் ரோட்டுல நடத்துங்க."

ஜாக்கி திரும்பிக் கத்தினான். "அக்கா, குதிரைக்கு மாட்டுற கடிவாளத்தை உங்க வாய்க்கு மாட்டணும்! கோப்பைப் பந்தயம்க்கா இது!"

"தம்பி, கோப்பை அடுத்த வருஷமும் இருக்கும். ஒரு தடவை நடத்து. சரியா இருந்தா எல்லார் முன்னாலயும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்."

மெத்தை விளம்பரம் பாடிக்கொண்டே இருந்தது. ஒலி அறையில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, அதை நிறுத்திவிட்டார். ஜாக்கி முணுமுணுத்துக்கொண்டே குதிரையைத் தார் ரோட்டுக்குத் திருப்பினான். மைதானம் முழுக்க அமைதி. அப்போது எல்லோருக்கும் கேட்டது. டக், டக், டக், அதை ஒட்டியே இன்னொரு டக். எதுவும் தெரியாத எனக்குக்கூடக் கேட்டது. மருத்துவர் கையைத் தூக்குவதற்கு முன்பே ஜாக்கி கீழே குதித்துவிட்டான். சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

பந்தயம் ரத்தானது. கிழித்த டிக்கெட்டுகள் பேடாக்குக்குள் பறந்து வந்து விழுந்தன. "முதல்ல நல்லா இருக்குன்னு சொன்ன வாய்தானே அது!" என்று ஒருவர் கத்தினார். அண்ணி ஒயரைச் சுருட்டி முடித்தார். மைக்கைச் செயலாளரிடம் தானே கொடுத்தார். அவர் கேட்கவேயில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார்.

எக்ஸ்ரே எடுத்ததில் முன்னங்கால் எலும்பில் மெல்லிய விரிசல். முழு வேகத்தில் ஓடியிருந்தால் கால் முறிந்து, மேலே இருந்தவனையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கும் என்றார் மருத்துவர். அண்ணிக்கு அது ஆறுதலாக இல்லை. "இன்னைக்கு இதுதான்னு சொன்னேனே" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கூடத்தான் போன மாசம் ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை வச்சுத் தச்சேன்" என்றார் அண்ணன்.

"அதைப் பிரிச்சியா இல்லையா?"

"பிரிச்சேன்."

"நானும் அதைத்தான் பண்ணேன்" என்றார் அண்ணி. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த பருவத்தில் பேடாக்குக்கு ஓர் இளைஞர் வந்தார். நல்ல குரல், நல்ல சட்டை. எல்லாக் குதிரைகளும் அருமையாக இருக்கின்றன என்று நாற்பது விதமாகச் சொன்னார். அண்ணி பொது டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், தார் ரோடு குறுக்கிடும் இடத்தில் வேலி ஓரமாக நின்றார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் வாரம் அவர் மட்டும். அப்புறம் பழைய ஆட்கள் இரண்டு பேர். பிறகு பேடாக்கைவிட அங்கேதான் கூட்டம். மைக் இல்லாததால் கிட்டே வந்து நிற்க வேண்டியிருந்தது, பேசாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஜாக்கி தார் ரோட்டில் எந்தக் குதிரையோடு வந்தாலும் வேகத்தைக் குறைப்பான். "அக்கா?" என்பான். அண்ணி "போயிட்டு வா" என்பார். மற்ற ஜாக்கிகளும் அப்படியே குறைக்க ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர்கள் திட்டிப் பார்த்தார்கள். ஓட்டுகிறவன் உயிர் ஓட்டுகிறவனுக்குத்தானே தெரியும்.

அப்படி ஆறு பருவம். கடைசியில் தன் நடை மாறியதையும் அண்ணிதான் முதலில் கேட்டார். "இடது கால் லேட்டா வருது" என்றார் ஒருநாள், சமையலறையிலிருந்து வந்துகொண்டே. ஸ்கேன் அதையே சொன்னது, தலைக்குள் கட்டி என்று. அதன்பின் மூன்று மாதம்தான் அண்ணி இருந்தார்.

இந்தச் சனிக்கிழமை நானும் அண்ணனும் போனோம். எதற்கு என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தார் ரோட்டு ஓரத்தில் வழக்கமான கூட்டம். எங்களைப் பார்த்ததும் அண்ணி நின்றுவந்த இடத்தை விட்டு ஒதுங்கினார்கள். அண்ணன் அங்கே போய் நின்றார். குதிரைகள் வரும்போது ஒவ்வொருவராக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு குதிரைகள் கடந்தன. "ரெண்டாவதுக்கு ஏதோ சரியில்ல" என்றார் ஒருவர். "உன் காதுதான் சரியில்ல" என்றார் இன்னொருவர். இரண்டாவது குதிரையில் இருந்தது அந்த ஜாக்கி. அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. சச்சரவைக் கேட்டு நிறுத்தினான். கீழே இறங்கி, குதிரையைத் தாரில் திருப்பி, கையில் பிடித்துக்கொண்டு மறுபடி நடத்தினான். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

ஜாக்கி அண்ணனைப் பார்த்தான். "மாமா?"

அண்ணன் இப்போதுதான் திரும்பினார்.

"எனக்குத் தெரியலப்பா" என்றார். "அவளா இருந்தா, தெரியலேன்னா அனுப்ப மாட்டா."

ஜாக்கி தலையாட்டினான். சேணத்தின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தான்.