தண்ணி யாரு பொறுப்பு?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பந்தல்குடியில் நாங்கள் வீடு கட்ட இரண்டு கான்ட்ராக்டர்களிடம் எஸ்டிமேட் வாங்கினோம். ஒருவர் மற்றவரைவிட ஆறாயிரம் ரூபாய் அதிகம் கேட்டார். "கொள்ளையடிக்கப் பாக்குறாரு" என்று அவரைக் கழித்துக்கட்டியது நான்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வேலை நடந்தது. சித்திரையில் மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டு முடித்தபோது கிணறு வற்றிவிட்டது.

மறுநாள் காலை கான்ட்ராக்டர் வந்து, "தளத்துல தண்ணி கட்டணும், இல்லைன்னா வெயிலுக்கு வெடிச்சிரும். லாரிக்குச் சொல்லிட்டீகளாக்கா?" என்றார்.

"நாங்க ஏன் சொல்லணும்?"

"எஸ்டிமேட்டுல தண்ணி சேக்கலையேக்கா. அது வீட்டுக்காரவுக பொறுப்பு."

கழித்துக்கட்டியவரின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் 'தண்ணீர் உட்பட' என்றிருந்தது.

அருப்புக்கோட்டையில் விசாரித்தால், லாரி வர மூன்று நாளாகும் என்றார்கள். தளத்தில் சாக்கை விரித்து, குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினோம். மதியத்துக்குள் குடமெல்லாம் காலி. அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியதால் தளம் தப்பித்தது. எங்கள் ஊரில் மழையை நம்பி யாரும் வீடு கட்டுவதில்லை.

இப்போதெல்லாம் யாராவது எஸ்டிமேட்டைக் காட்டி யோசனை கேட்டால், தொகையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். அதில் எழுதாமல் விட்டது என்ன என்று முதலில் தேடுகிறேன்.