ரூனா துறையில் ஒரு பின்னேரம்

கேதீஸ்வரன் மெல்பேர்னில் பாண் வான் ஓட்டுகிறவர். விடியுமுன் ஸ்பிரிங்வேல் கடைகளுக்கு பேக்கரிப் பாண் இறக்குவது அவர் வேலை. ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இழுபட்டு, ஒருவழியாக நிரந்தர விசா கிடைத்ததும், அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் நேர்ஸாக இருக்கும் தங்கை சிவாஜினியைப் பார்க்கப் புறப்பட்டார்.

போனவருக்கு நிம்மதி இல்லை. திரும்பும்போது ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்களோ என்ற பயம். வழியில் பொலிஸ் வாகனத்தைக் கண்டால்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்.

சிவாஜினி லீவு எடுத்து ஊரெல்லாம் காட்டினாள். வெஸ்ட்போர்ட் பட்டினத்தில் கடைக்கொரு நிறம் பூசியிருந்தார்கள். அதைத் தாண்டினால் மரமே இல்லாத சதுப்பு நிலம். விறகுக்குப் பதில் எரிப்பதற்காக வெட்டிய கரிய மண்கட்டிகள் வெயிலுக்கு அடுக்கப்பட்டிருந்தன. முதுகில் நீலச் சாயம் பூசிய செம்மறிகள் றோட்டை மறித்துப் படுத்திருந்தன. கடற்கரையில் காரை நிறுத்தினால் மட்டும் அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் படம் எடுத்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் சொல்லாமலே ரூனா துறைக்குக் கூட்டிப் போனாள். கிளேர் தீவுக்குப் படகு ரிக்கெற் எடுத்திருந்தாள். அவர் ஏறவில்லை. வயிறு சரியில்லை, பிள்ளையோடு போய் வா என்று சொல்லி, தங்கையையும் அவள் மகள் லக்சிகாவையும் அனுப்பிவிட்டுக் கரையில் நின்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு பனிப்புகார் இறங்கியது. தீவே காணாமல் போயிற்று. திரும்பும் நேரம் கடந்தும் படகு வரவில்லை. போன் எடுத்தால் மணி போகவில்லை. தேத்தண்ணி விற்ற பெண், இங்கே இது வழமைதான், புகார் கலையும்வரை கப்டன் அங்கேயே நிற்பார் என்றாள். சொன்னது விளங்கியது. நெஞ்சு கேட்கவில்லை. துறையின் நுனிவரை போவதும் வருவதுமாக இருந்தார்.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. மகன் படகேறியபின் அவளும் இப்படித்தான் ஒரு செய்தியும் இல்லாமல் நின்றிருப்பாள். ஆஸ்திரேலியத் தடுப்பு முகாமிலிருந்து எடுத்த முதல் போனில் அவர் சொன்னது, சுகமாய் வந்து சேர்ந்தேன், ஒரு கஷ்டமும் இல்லை என்பது மட்டுமே. அதற்கு மேல் யாருக்கும் சொன்னதில்லை.

பொழுதுபடும் நேரம் படகு வந்தது. லக்சிகா குதித்திறங்கி சிப்ஸ் கேட்டாள். சிவாஜினி தமையனின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, என்ன நடந்தது உங்களுக்கு?"

காரில் ஏறிய பிறகு சொல்லத் தொடங்கினார். தான் வந்த படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றதையும், தண்ணீர் முடிந்ததையும், பக்கத்தில் இருந்த மன்னார்ப் பெடியன் ஒருவன் விடியும்போது அசையாமல் கிடந்ததையும், அவனைக் கடலில் விட்டதையும் சொன்னார். அவள் காரை ஓரங்கட்டினாள். பின்சீற்றில் பிள்ளை நித்திரையாகியிருந்தது.

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால் அம்மா தாங்கமாட்டா. பிறகு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மிஞ்சிய நாட்களில் அவர்கள் கடலை விட்டு உள்நாட்டுப் பக்கமே சுற்றினார்கள். திரும்பியபோது மெல்பேர்ன் விமான நிலையத்தில் அதிகாரிகள் அவரைத் தனியே கூப்பிட்டு நிறையக் கேட்டார்கள், பிறகு விட்டார்கள். பயம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை. ஆனால் ஞாயிறுகளில் சிவாஜினி போன் எடுக்கும்போது அந்தப் பெடியனைப் பற்றிக் கேட்கிறாள். அவர் நினைவுவந்ததைச் சொல்கிறார்.