இரண்டாவது குடம்

எங்கள் ஆபீசில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. 'இருக்கு' என்று சொல்லக் கூடாது.

தேனியில் ஓர் உரக்கடையின் மாடியில் நடந்துவந்த நிலத்தடி நீர் ஆலோசனை ஆபீஸ் அது. மொத்தமே மூன்று பேர்தான். ஆபீசை நடத்திய சார், ஜியாலஜி படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருந்த நான், நிலத்தில் கம்பி அடித்து வயர் இழுக்கும் அண்ணன். தோட்டத்துக்காரர்கள் "தண்ணி இருக்கா?" என்று கேட்டால் "தெரியுது" என்றுதான் சொல்ல வேண்டும்.

"'இருக்கு'ன்னு சொல்றதுக்கு நீ என்ன பூமிக்குள்ள போயிட்டா வந்த?" என்பார் சார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசக் கோடை. மழை வரிசையாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு நான் போகும்போதே மாடிப்படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூடலூர், சின்னமனூர், வருசநாடு என்று ஊர் ஊராக வந்தவர்கள், எங்கள் ஊரில் இத்தனை அடி போர் போட்டும் வெறும் புழுதிதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, வெற்றிலையும் முறுக்கும் பகிர்ந்துகொண்டு இருப்பார்கள். உள்ளே போய்விட்டு யாராவது வெளியே வந்தால் பேச்சு நின்றுவிடும். பிரசவ வார்டு வாசல் மாதிரி எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள்.

அந்தப் படியில்தான் அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டம். உள்ளே வந்ததும் முந்தானைக்குள்ளிருந்து காய்ந்த திராட்சைக் கொடி ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லத் தெரியலத்தா. இதப் பாத்துட்டு என்னைக்கு வாரீகன்னு சொல்லுங்க."

இரண்டு நாள் கழித்து நானும் அண்ணனும் போனோம். பந்தலின் இரும்புக் கம்பிகள் மீட்டரைக் குழப்பும் என்பதால் தள்ளிப்போய்த் தரிசில் வேலையை ஆரம்பித்தோம். வேலை பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. நாலு கம்பிகளை வரிசையாக நிலத்தில் அடித்து, ஓரத்துக் கம்பிகள் வழியாகக் கரண்ட் விடுவோம். நடுக் கம்பி இரண்டில் மீட்டர் எண் காட்டும். ஓரத்துக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்து விவரம் வரும். காய்ந்த பாறை என்றால் எண் ஏறும். தண்ணீர் ஓடும் வெடிப்பு என்றால் இறங்கும்.

மண் வறண்டு கிடந்தால் கம்பிக்குப் பிடிப்பு கிடைக்காது. அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"வீட்டுல ரெண்டே குடந்தேன் இருக்கு. லாரி நாளான்னைக்குத்தேன் வரும்" என்றாள் அக்கா. சொன்னாளே தவிர, ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உப்பைக் கரைத்துக் கம்பிகளின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மீட்டர் முள் அசையாமல் நின்று எண் காட்டியது. "இப்ப நல்லாப் பிடிச்சிருச்சுக்கா" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அவளுடைய வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். அந்த ஆள் வரப்பில் நின்றுகொண்டு, "தண்ணி பாக்க வந்த மெசினு வந்ததும் வராததுமா தண்ணி கேக்குதே! அதுக்கே இம்புட்டுத் தாகமா?" என்றார். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். மீட்டரை விட்டுவிட்டு எழுந்து போய், "உங்க தேங்கா என்னத்தக் கண்டுச்சு? நீங்க காட்டுன எடத்துல எல்லாம் தண்ணியா கொட்டுது?" என்று ஆரம்பித்தேன். பத்து நிமிசம் வாய்ச்சண்டை. அண்ணன் அதற்குள் ஓரத்துக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தூரத்துக்குப் போய்விட்டார். நான் திரும்பி வந்து அடுத்த எண்ணைப் பார்த்தேன். அதுவரை ஏறிக்கொண்டே இருந்த எண், சட்டென்று சரிந்திருந்தது.

கணக்குப் போட்டால் இருநூற்று நாற்பது அடி. வேறு நாளாக இருந்தால் சந்தேகப்பட்டு மறுபடி எடுத்திருப்பேன். அன்றைக்கு அந்தத் தேங்காய்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே தெரியுதாம்மா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். "மலையில எஸ்டேட் மேஸ்திரி வேலைக்கு ஆள் கேட்டு நிக்கிறாரு. ரெண்டு பேரும் ஏலக்காத் தோட்டத்துக்கு வந்தா குடியிருக்க லைன் வீடு தாறேன்னு சொல்லியிருக்காக. தண்ணி இல்லேன்னா கொடிய வெட்டிப்போட்டுட்டுக் கெளம்ப வேண்டியதுதேன்."

"இருக்கு" என்றேன் நான். "இருநூத்து நாப்பது அடியில இருக்கு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேங்காய்க்காரர் தேங்காயைத் துண்டில் முடிந்துகொண்டு வரப்பைவிட்டு இறங்கினார். அந்த நிமிசத்தில் எனக்கு அது போதும் என்றிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆபீசில் சார் என் கிராபைப் பார்த்துவிட்டு, "எண் இவ்வளவு சட்டுன்னு எறங்காதே. திரும்ப ஒரு தடவ எடுத்துப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தால்கூட அந்தச் சரிந்த கோடுதான் கண்ணில் நின்றது. அந்த அக்கா இரண்டு மாடுகளை விற்றுப் போர்வெல் வண்டிக்குச் சொல்லிவிட்டாள் என்று அண்ணன் வந்து சொன்னார். மேஸ்திரியிடம் தாங்கள் வரவில்லை என்றும் சொல்லிவிட்டார்களாம்.

போர் போடும் நாளில் நான் காலையிலேயே போய்விட்டேன். போக வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. துளைபோடும் ராடு ஒன்று இருபது அடி. பன்னிரண்டு ராடு இறங்கினால் நான் சொன்ன ஆழம். புழுதி பந்தல்மேல் வெள்ளையாகப் படிந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று விரலை மடக்கிக்கொண்டே நின்றேன்.

ஒன்பதாவது ராடு மாட்டும்போது சத்தம் கொஞ்சம் நின்றது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, என் பதற்றத்தைப் பார்த்துவிட்டு, தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னாள்.

"பயப்படாதீக. அன்னைக்கு மெசினு நல்லாத்தேன் காட்டுச்சு. நீங்க அந்தாளோட பேசிக்கிட்டு இருந்தீகள்ல, அப்ப நான் இன்னொரு குடத்தையும் உப்பக் கரைச்சு நடுக்கம்பி ரெண்டுக்கும் ஊத்திட்டேன். ஒரு குடத்துக்கே நல்லாப் பிடிச்சிருச்சுன்னீகளே, ரெண்டு குடம்னா இன்னும் நல்லாக் காட்டும்லன்னு."

நடுக் கம்பி இரண்டுக்கும் இடையில் உப்புத் தண்ணீர் தேங்கிச் சேர்ந்துவிட்டால் மீட்டர் சரியத்தான் செய்யும். பூமிக்குள் வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மண் நனைந்திருந்ததை நான் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோபத்தில் பார்க்கவில்லை.

அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாறைக்குள் என்ன இருக்கிறதென்று யார் கண்டது, தப்பித்தவறி ஒரு வெடிப்பு இருந்துவிடாதா என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் இறங்கிய ஒவ்வொரு ராடும் அவர்கள் வீட்டுக் காசு. பத்து இறங்கியது. பதினொன்று. பன்னிரண்டிலும் புழுதிதான். பதினைந்தாவது ராடு முழுக்க இறங்கிய பிறகு அக்காவின் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"முந்நூறு ஆச்சும்மா. இன்னும் போடவா?"

"வேண்டாம்ணே" என்றேன். குடத்து விசயத்தைச் சொன்னேன்.

அக்கா போர்க்குழியின் வாயைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அன்னைக்கு நீங்க பாத்தது நான் ஊத்துன தண்ணியவா?"

"ஆமாக்கா."

வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "உன்னைய யாருடி ஊத்தச் சொன்னா? குடிக்க வச்சிருந்த தண்ணியக் கொண்டாந்து ஊத்தி, குடியையே கெடுத்துட்டியேடி!" சுற்றி நின்றவர்களும் ஆளாளுக்கு அவளைச் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எம் புத்தி அப்படிப் போச்சு" என்றாள். கம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். மறுபடி எடுக்காமல் எடுத்தேன் என்று சொன்னவளும் நான். அதைச் சொல்ல அங்கே எனக்கு வாய் வரவில்லை. அவள்மேல் விழட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை அதுதான்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அத என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அவர்கள் மலைக்குக் கிளம்புகிறார்கள் என்று அண்ணன் சொன்னதும் கோம்பைக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் மலைக்குப் போகும் ஜீப் நின்றது. அக்காவும் வீட்டுக்காரரும் பாத்திரம் பண்டத்தோடு ஏறியிருந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் குடம் அவள் மடியில் இருந்தது. நான் ஓடிப்போய் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

"அண்ணே, தப்பு அக்கா மேல இல்ல. நனைஞ்சிருக்கான்னு நான்தான் பாத்திருக்கணும். நான் பாக்கல. திரும்ப எடுக்கவும் இல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லத்தா" என்றாள். "ஒரு வாரமா வீட்டுல எங் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்குறாரு."

ஜீப் கிளம்பிவிட்டது.