வீரமுத்துவின் கட்டை அவிழ்த்தவள்

சிங்கப்பூருக்கு வடக்கே செடெனாக்கில் ரயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டித் தடத்தில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக நான் இருந்தேன். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனிக்கு இந்த நாட்டில் இன்னும் பல தோட்டங்கள் உண்டு. எனக்கு இந்த நாட்டில் மாதச் சம்பளத்தைத் தவிர வேறு பிடி கிடையாது. ஆனால் பேச்சியம்மாளின் பெயரை மறைக்க வேண்டியதில்லை. அவள் எதையும் மறைத்து வாழ்ந்தவள் அல்ல.

சிவகிரிப் பக்கத்துக்காரி. கப்பலேறி வந்த மறுவருஷமே புருஷனைக் குளிர்காய்ச்சல் கொண்டு போய்விட்டது. தனிப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை, ஊருக்கே போய்விடு என்று கங்காணி சொன்னபோது, விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், அத்தனை பேர் முன்னால் அவனைப் பிடித்துக்கொண்டாளாம்.

"ஊர்ல எனக்கு என்ன இருக்கு? பண்ணையார் வீட்டுச் சாணி இருக்கு. அத அள்ள ஒம் பொண்டாட்டிய அனுப்பு. எம் பேரப் போடு!"

கங்காணி பெயரைப் போட்டான். அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு நிரை மரங்கள், ஒரு கத்தி, கூலிகளின் வரிசைவீடான லயத்தில் ஓர் அறை. அவளுடைய நிரையில் மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை வேறு யாராவது உரித்தெடுத்தால் அன்று லயமே தூங்காது. ஒருமுறை அப்படி எடுத்து மாட்டிக்கொண்டவன்தான் வீரமுத்து. சேலத்துப் பக்கத்து ஆள். சோம்பேறி, வாயாடி. பேச்சியம்மாள் அவனை மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷத்தில் அவளுக்குக் கை போயிற்று. கத்தி தீட்டும்போது வழுக்கி உள்ளங்கையில் இறங்கியது. காயம் சின்னதுதான். சீழ் பிடித்துக்கொண்டது. கீறி, கழுவி, எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதுபோலக் கையைப் பலகையோடு நீட்டிக் கட்டிப் போட்டேன். காயம் ஆறியது. கட்டை அவிழ்த்தால் விரல்கள் விறைத்து நின்றன, மடங்கவே இல்லை. கத்தியைப் பிடிக்க முடியாத கையைத் தோட்டம் வைத்துக்கொள்ளாது. அந்த வருஷம் நல்ல கை உள்ளவர்களையே மூட்டை முடிச்சோடு சிங்கப்பூருக்கு அனுப்பி, நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளின் பெயரும் அடுத்த கப்பலுக்கு என்று தோட்டத்து மேனேஜரான பெரிய துரை சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு டாக்டர் துரை வந்தார். வயதானவர் இல்லை. மகாயுத்தத்தில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குத் தச்சுவேலையும் நெசவும் கொடுத்தே செத்த கைகளை எழுப்பியதைச் சீமையில் நேரில் பார்த்தவர். மருந்து பாதி, வேலை பாதி என்பது அவருடைய கட்சி. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு எந்த வேலை மருந்தாகும் என்று கண்டுபிடித்துப் பெரிய வைத்தியச் சபையில் கட்டுரை படிக்கப் போகிறார். வார்டுக்குள் நுழைந்து இரு பக்கமும் படுத்திருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"இங்கே ஆராய்ச்சிக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, உமக்குத் தெரிகிறதா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

வாய்ப்பு என்று அவர் சொன்னது அந்தக் கட்டில்களில் கிடந்தவர்களை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அவருடைய வைத்தியம் நல்ல வைத்தியம். பேச்சியம்மாளின் கத்திப் பிடியில் பழந்துணியைப் பந்துபோலத் தடிமனாகச் சுற்றச் சொன்னார். கையை வெந்நீரில் ஊறவைத்து, அந்தப் பந்தைப் பிடித்தபடி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பால் வற்றிப்போன ஒரு கிழட்டு மரத்தில் பட்டையைச் சீவ வேண்டும். விரல் மடங்க மடங்கத் துணியை ஒவ்வொரு சுற்றாகக் குறைக்க வேண்டும். முதல் நாள் அவள் அந்த மரத்தையும் கத்தியையும் டாக்டரையும் டாக்டரைப் பெற்றவளையும் திட்டித் தீர்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, விரல் வளைந்தது. டாக்டர் ஒரு பித்தளைக் கருவியை வைத்து விரல் எவ்வளவு வளைகிறதென்று அளந்தார், படம் பிடித்தார், அவளுடைய முதுகில் தட்டினார். கப்பலைத் தள்ளிவைக்கப் பெரிய துரையும் ஒப்புக்கொண்டார். செலவில்லாமல் ஓர் ஆள் திரும்பக் கிடைப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

அப்போதுதான் வீரமுத்து வந்து சேர்ந்தான். அதே வலது கை, அதே கத்திக் காயம், அதே சீழ். வயதும் ஏறக்குறைய ஒன்று. டாக்டர் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடவுளே அனுப்பியதுபோல என்றார். அவனுடைய காயம் ஆறத் தொடங்கியதும் எனக்கு ஓர் உத்தரவு போட்டார். பேச்சியம்மாளுக்குக் கத்தி வேலை தொடரட்டும். வீரமுத்துவின் கை, தான் அடுத்த முறை வரும்வரை பலகையிலேயே இருக்கட்டும். வெந்நீர் வேண்டாம், கத்தி வேண்டாம், எதுவுமே வேண்டாம்.

"என்னாங்கய்யா சொல்றாரு?" என்றான் வீரமுத்து.

சொன்னேன்.

"அப்ப நான் சும்மா படுத்திருக்கணும், அதான் எனக்கு வேலயா? அலமாக்! பெரட்டு இல்ல, கங்காணி இல்ல, நேரத்துக்குக் கஞ்சி! அக்கா, நீ போயி மரத்தக் கொத்து. நான் ராசா மாதிரி காலாட்டிக்கிட்டு இருக்கேன்."

"வாய மூடுலே," என்றாள் பேச்சியம்மாள். என் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவனுக்கு ஏன் கத்தி குடுக்கல?"

"ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டா, கத்தி வேலையால குணமாச்சா, தானாவே குணமாச்சான்னு சொல்ல முடியாதாம். அதனால ஒருத்தர் கையச் சும்மா விட்டுப் பாக்கணுமாம்."

"சும்மா விட்டா தானா குணமாயிருமா?"

"ஆகாதுன்னுதான் அவர் நினைக்கிறார்."

"ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டே கட்டிப் போடச் சொல்றாரா?"

வீரமுத்துவின் கால் ஆட்டம் நின்றது.

டாக்டரிடம் கேட்டேன். என் வேலைக்கு மீறிய கேள்விதான். அவர் கோபிக்கவில்லை. பலகை கட்டுவது உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் நடப்பது, அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது என்றார். நிரூபித்துக் காட்டினால், சிலோனிலிருந்து ஜாவா வரை ஆயிரக்கணக்கான கூலிகளின் கைகள் பிழைக்கும் என்றார். விறைத்த கையோடு நின்றால் இந்த ஆளைக் கப்பலேற்றிவிடுவார்களே என்றேன். அது தோட்ட நிர்வாகத்தின் விஷயம், வைத்தியத்தின் விஷயமல்ல என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அவர் வண்டி ஏறிப் போன மறுநாள் மத்தியானம் வார்டுக்குள் வந்தால், பேச்சியம்மாள் வீரமுத்துவின் கட்டிலில் உட்கார்ந்து பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க அந்தப் பக்கம் போங்கய்யா. ஒங்க வேலைக்குச் சேதாரம் வந்துரும்."

நான் அந்தப் பக்கம் போனேன். அடுப்பை மூட்டி வெந்நீர் போட்டு, இரண்டு பேசினில் ஊற்றி எடுத்துவந்தேன். பேச்சியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நடந்த கூத்தைக் கேட்க லயத்துப் பிள்ளைகள் வேலியோரம் கூடிவிடுவார்கள்.

"ஐயோ ஆத்தா! கொல்றாளே!"

"கத்துலே, நல்லாக் கத்து. நாகப்பட்டணத்துல எறங்கினதும் நீ கத்துறதக் கேக்க ஆளு இருக்கா ஒனக்கு?"

"ஒட்டுப்பால் எடுத்த கோவத்த இப்பத் தீத்துக்கிற நீ."

"அதுக்குத் தனியா வச்சிருக்கேன். மொதல்ல கை நல்லாகட்டும், அப்புறம் ஒடிக்கிறேன். மடக்கு!"

"மடங்கல அக்கா."

"மடங்கும். என்னது மடங்கல? எரும மாட்டுக் கை, எங் கையே மடங்குச்சு. ஒனக்கு என்ன, பொன்னுல செஞ்ச கையா? மடக்கு!"

அவன் அழுதான். அவள் விடவில்லை. ஒரு நாள் நானே பொறுக்கமாட்டாமல், போதும் இன்றைக்கு என்றேன். என் மேல் பாய்ந்தாள். "போதும்னு நீங்க சொல்லலாம். ஒங்க கை மடங்குது." அவளுக்கு அவன் மேல் பாசம் வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் தவறு. கடைசி வரை அவனைத் தடியன், திருடன் என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்குத் தாங்காதது ஒன்றே ஒன்று. வழி தெரிந்த பிறகும் ஒரு மனிதனைத் தெரிந்தே மொண்டியாக விட்டுவைப்பது.

டாக்டர் திரும்பி வந்த நாளில் மறுபடி பலகையைக் கட்டி நடிக்கலாமா என்று வீரமுத்து கேட்டான். "நடிக்க நாம என்ன கூத்தாடியா?" என்றாள். அவன் வெறுங்கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் அந்தக் கையை எடுத்தார். விரல்கள் அவர் விரலைச் சுற்றி மடங்கின. அவர் முகம் சுருங்கியது.

"யார் அவிழ்த்தது?"

நான் தமிழில் கேட்பதற்குள் பேச்சியம்மாளே முன்னால் வந்துவிட்டாள். "நான்தான். வெந்நி வச்சதும் நான்தான். டிரெசரய்யாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

டாக்டர் அந்தக் கையைக் கீழே விட்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குச் சொன்னார். பல மாத உழைப்பு வீணாகிவிட்டது. இவள் எதைக் கெடுத்தாள் என்று இவளுக்குப் புரிகிறதா என்று கேள். இனி வரப்போகும் ஆயிரம் பேருக்கு இவள் கெடுதல் செய்துவிட்டாள் என்று சொல்.

அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை, அவளும் கேட்கட்டும் என்று.

"ஆயிரம் பேரு எங்க?" என்றாள். வாசலை எட்டிப் பார்த்தாள். "வரச் சொல்லுங்க, அவுங்களுக்கும் அவுத்து விடறேன். ஐயா, இதயும் கேளுங்க. இவரு பெத்த பிள்ளைங்க ரெண்டு பேருக்கு இப்படி ஆனா, எந்தப் பிள்ளை கையக் கட்டிப் போட்டு வேடிக்க பாப்பாரு?"

அதையும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் சிவந்துபோய்ப் பித்தளைக் கருவியை எடுத்தார். இவளுடைய கையையாவது கடைசியாக அளந்துவிடலாம் என்று நினைத்தார் போலும். பேச்சியம்மாள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேணாம். இது எங் கை."

நன்றி கெட்டவள் என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லைச் சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்குப் போனார்.

பெரிய துரைக்கு ஆராய்ச்சியும் தெரியாது, ஆயிரம் பேரும் தெரியாது. வீரமுத்துவை வரவழைத்து ஒரு கத்தியைக் கொடுத்தார். அவன் பிடித்துக் காட்டினான். நாளைக்குப் பெரட்டுக்கு வா என்றார். பேச்சியம்மாளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் உத்தரவை மீறுகிறவள் நாளை தோட்ட வேலையிலும் மீறுவாள். லயத்தைக் காலி செய்யட்டும், ஊருக்கு டிக்கெட் கம்பெனி கொடுக்கும் என்றார். இருவர் கையும் நன்றாகிவிட்டது. அதற்குத் தண்டனை ஒருத்திக்கு.

"டிக்கெட்ட அவரையே வச்சுக்கச் சொல்லுங்க," என்றாள். "அவருக்குத்தான் சீமைக்குப் போகணும்."

வீரமுத்து அங்கே வாய் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு அவள் அவனை ஒன்றும் திட்டவில்லை. அவள் திட்டாததுதான் அவனைச் சுட்டிருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம், பாலை எடை போட்டுவிட்டு நேராக லயத்துக்கு வந்தான். அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கி, ஆறின அந்த வலது கையாலேயே தோளில் வைத்துக்கொண்டான்.

"கீழ போட்டு ஒடச்சன்னா பாரு," என்றாள்.

நானும் கூடப் போனேன். கூலாய்ப் பக்கம் ஒரு சீனத் தவுக்கே இருந்தான்; சின்னத் தோட்டத்து முதலாளி, சொந்தக் குடும்பத்தோடு தானே வெட்டுகிறவன். ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "போலே போத்தோங்?" என்றான், வெட்ட முடியுமா என்று. அவள் பதில் சொல்லாமல் அவன் இடுப்பிலிருந்த கத்தியைக் கேட்டு வாங்கி, பக்கத்து மரத்தில் ஒரு சீவு சீவினாள். பால் கோடு பிடித்து இறங்கியது. தவுக்கே அவளுடைய கையைப் பார்க்கவே இல்லை. பட்டையில் அவள் போட்ட கோட்டின் ஆழத்தை நகத்தால் தடவிப் பார்த்தான். தலையாட்டிவிட்டுப் பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடிசையைக் காட்டினான். கூலி அந்தத் தோட்டத்தைவிடக் குறைவு. லயம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. இதைத்தான் அவள் சம்பாதித்தாள்.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள். "ஐயா, அந்த டாக்டர் தொர அடுத்து எந்தத் தோட்டத்துக்குப் போறாரு?"

"வடக்கே, சிம்பாங் ரெங்கம் பக்கம்னு கேள்வி."

"அங்கயும் ஒருத்தனக் கட்டிப் போடுவாரா?"

"போடுவார்னுதான் நினைக்கிறேன்."

"அங்க டிரெசரு யாரு?"

"சதாசிவம்னு ஒருத்தர். முகம் மட்டும் தெரியும்."

"நல்லவரா?"

"தெரியல அம்மா."

"போய்ப் பாத்தாத்தான தெரியும்? இங்க நின்னுக்கிட்டு தெரியல, தெரியலன்னா?" அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

என் வேலை போய்விடும், இந்த நாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவளிடம் சொல்லவா முடியும்? திரும்பும் வழியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கே போகும் ரயில் செடெனாக்கில் நிற்குமா என்று வீரமுத்துவிடம் கேட்டேன்.