மருந்து என்று சொல்லாத மனிதர்

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. காஜா பெராங் என்ற எங்கள் ஊரில் என் கத்தரித் தோட்டத்தில் புழு விழுந்தது. மருந்தடிக்க விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், காக்கி அரைக்கால் சட்டை, முதுகில் பித்தளைத் தொட்டி. வேலைக்குப் போன எந்த வீட்டிலும் கை நனைக்க மாட்டார். காப்பி கொடுத்தால், “குளிச்சிட்டுத்தான்கா” என்பார்.

“தம்பி, சீக்கிரம் மருந்தடிங்க. நாளைக்குக் கோயில் அன்னதானத்துக்கு என் காய்தான் போகுது” என்றேன்.

“அடிச்சா பத்து நாளைக்குக் காய் பறிக்கக் கூடாதுக்கா.”

“மருந்துதானே? கழுவிட்டா போச்சு.”

“மருந்து இல்லக்கா. மலாய்க்காரங்க ராச்சூன்னு சரியாச் சொல்றாங்க. விஷம். உங்க வாயால சொல்லுங்க, அடிக்கிறேன்.”

காய்க்கிற செடி முன்னால் நின்று அந்தச் சொல்லையா சொல்வது? எனக்குக் கோபம் வந்தது.

“ஊரே மருந்துங்குது. நீங்க மட்டும் பெரிய படிச்சவரோ?”

“மருந்துன்னா பயம் போயிடுதுக்கா.”

அவர் கிளம்பப் பார்த்தார். விட்டால் தோட்டம் புழுவுக்குத்தான். கூடையை எடுத்து வந்து நல்ல காயையெல்லாம் பறித்தேன். அவர் ஒன்றையும் தொடவில்லை. தள்ளி நின்று, “அந்த இலைக்கடியில ஒண்ணு இருக்கு” என்று காட்டினார்.

கூடை நிறைந்ததும், “விஷம்” என்றேன், மெதுவாக.

“செடிக்குக் கேக்க வேணாம். எனக்குக் கேக்கணும்ல?”

சத்தமாகச் சொன்னேன். தொட்டியை மாட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.

எங்கே, எதைப் பார்த்துவிட்டு வந்து அப்படிப் பிடிவாதம் பிடித்தாரோ. கேட்க என் கர்வம் விடவில்லை.