மரகதம் பார்த்த பக்கம்

மரகதம் இறந்த செய்தி வந்தபோது நான் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் டிரஷரியில், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்காக வரிசையில் நின்றிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிற நாங்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை விரல் வைத்து அதை நிரூபிக்க வேண்டும். என் முறை வருவதற்குள் கைபேசி அடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வித்யா. "அம்மா, சித்தி போயிட்டாங்கம்மா" என்றாள். காலையில் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்த சாவு, பெங்களூர் வரைக்கும் போய்விட்டு எனக்கு வந்து சேர்ந்தது. அவள் கணவர், என் கொழுந்தனார், முதலில் கூப்பிட்டது வித்யாவைத்தான். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு அதுதான் உறைத்தது.

எங்கள் ஊர் வாசகசாலை மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் என்னைக் கேட்டார்கள் போலிருக்கிறது. நல்லவள், அன்பானவள், பறவைப் பைத்தியம் என்றெல்லாம் எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அவளுடைய ஓரகத்தி. அவள் என் கணவருடைய தம்பி மனைவி. எனக்கு அவள் மேல் இருந்தது பொறாமை. அவள் போன பிறகும் அது போகவில்லை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு நான் எழுதினால் இது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும்.

என் கொழுந்தனார் சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் கணக்கு பார்க்கப் போனவர், அங்கேயே பெண்ணும் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணமாகி அவள் முதல் முறை வந்தபோது வாசலில் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வலது காலை எடுத்து வைக்கப் போனவள் காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிவிட்டாள். "ஒரு நிமிசம்க்கா. செம்போத்து வந்திருக்கு பாருங்க. மெள்ள நடக்குது" என்றாள். கர்ப்பூரம் தீர்ந்து தட்டு என் கையைச் சுட்டது. அவ்வளவு நேரமும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த என் மாமியார், "செம்போத்தப் பாத்துட்டு ஊட்டுக்குள்ள வாரா. இனி ஊடு வெளங்கிரும் பாருங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அந்த வருஷம் ஆளியாற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் தவறாமல் வந்தது. அதற்கும் செம்போத்துதான் காரணம் என்றார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த அன்று பூனை குறுக்கே போனதாம். அதையும் மாமியார் கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நான் உடைத்தால் பொன்குடம், அவள் உடைத்தால் மண்குடம்.

இவள் வேண்டுமென்றே சகுனம் பார்த்துக் காரியம் சாதிக்கிறாள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உன் குருவியெல்லாம் உனக்கு என்னதான் சொல்லுது?" அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒன்னும் சொல்லலக்கா. வந்துச்சு. வந்ததே பெருசில்லையா" என்றாள். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. சொல்லுது என்றாலாவது நான் சண்டை போட்டிருப்பேன்.

வாளையாரில் ஒரு மத்தியானம் நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூரில் துணி எடுத்துக்கொண்டு பாலக்காடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். செக்போஸ்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் மரகதம், நடுவில் முன்பின் தெரியாத ஒரு பெண், இந்த ஓரம் நான். மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் வைத்திருந்தேன். மரகதம் லாரிச் சக்கரங்களுக்கு நடுவே ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வாலாட்டிக் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த பெண்ணும் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் குருவியைப் பார்த்தபடியே ஏதோ பேசத் தொடங்கினாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் சரியாகக் கேட்கவில்லை. கஞ்சிக்கோட்டில் இறங்கும்போது அந்தப் பெண் மரகதத்தின் கையைப் பிடித்துவிட்டு, என்னிடம் "கொஞ்சம் காலை எடுத்துக்குங்க டீச்சர்" என்றாள். நான் டீச்சர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "என்ன சொல்லி அழுதா?" என்று மரகதத்தைக் கேட்டேன். "ஓயாம வால ஆட்டுதே, அதுக்கு வலிக்காதான்னு கேட்டாக்கா" என்றாள். வீடு வரும்வரை கேட்டும் அதற்கு மேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

இவள் மூக்கை ஒரு முறையாவது உடைக்க வேண்டும் என்று தொலைநோக்கி வாங்கினேன். படம் போட்ட பறவைப் புத்தகமும் வாங்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆனைகட்டிக்கு அழைத்துப் போனபோது சமையலுக்குத் துணையாக அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். என் எண்ணம் சமையல் இல்லை. ஆற்றோரத்தில் ஒரு பறவையைக் காட்டி, "செந்தலைப் பஞ்சுருட்டான்" என்று கணீரென்று சொன்னேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். மரகதம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பச்ச சட்ட போட்டுட்டு வாத்தியாருக்குப் பயந்தவன் மாதிரி வெறப்பா ஒக்காந்திருக்கான்" என்றாள். அவ்வளவுதான், வகுப்பு முழுக்க அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன் வீட்டுக் கதையை அவளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. "நீயாவது அதன் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாதா" என்று திரும்பும்போது கடிந்துகொண்டேன். "பேரு எதுக்குக்கா? அது என்ன நம்ம பேரக் கேட்டுட்டா வருது" என்றாள். வகுப்பில் நான் பிரம்பு எடுத்தும் உட்காராத பிள்ளைகள் அவை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது வித்யா விஷயம். மாமியாரையும் ஊரையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். பெற்ற பிள்ளையை எப்படி விடுவது? வித்யா பள்ளிவிட்டு வந்ததும் பையை என் வீட்டில் எறிந்துவிட்டு அந்த வீட்டுக்கு ஓடுவாள். இருட்டும்வரை பின்வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் மதிலருகே போனால் பேச்சு நின்றுவிடும். மரகதத்துக்குப் பிள்ளையில்லை, அதனால் வாயைத் திறந்து சண்டை போடவும் எனக்கு வழியில்லை.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஒற்றை மைனாவைப் பார்த்தால் துக்கம், ஜோடியாகப் பார்த்தால் சந்தோஷம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இரண்டாவது மைனாவைத் தேடி மரத்தடியில் நிற்பதும், நான் அதட்டி உள்ளே அனுப்புவதும் வருஷா வருஷம் நடக்கும். மரகதம் கல்யாணமான பிறகு இதைப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு, அவர்களைவிடத் தீவிரமாகிவிட்டாள். ஒற்றை மைனா கண்ணில் பட்டால் துணை வரும்வரை நகர மாட்டாள். வித்யாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வரன் வந்தது. நானே தேடிப் பிடித்த வரன். மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினோம். ராகுகாலத்துக்கு முன்பு வீட்டை விட்டு இறங்க வேண்டும். எல்லோரும் காரில் ஏறியாயிற்று. மரகதம் மட்டும் வாசலில் நின்றுகொண்டு தென்னையில் இருந்த ஒற்றை மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதோ மாட்டுக் கொட்டாய் மேல இன்னொன்னு இருக்குதே" என்று காட்டினேன். நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது இதோட சோடி இல்லக்கா. அது வேற குடும்பம்" என்றாள். ராகுகாலம் தொடங்கிவிட்டது. இனி இறங்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள், சம்பந்தம் முறிந்தது.

அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று வித்யா முந்தின நாளே சித்தியிடம் சொல்லியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சம்பந்தம் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேண்டாம் என்கிற ஒரு வார்த்தையை என் மகள் மதில் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். மரகதத்தையும் கேட்டேன். "மைனா வரலக்கா, நா என்ன செய்ய" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் அவளோடு பேசவில்லை. அவள் வழக்கம்போல மதில் மேல் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவாள். குழம்பு நன்றாக இருக்கும். அதிலும் எனக்கு வருத்தம்தான்.

கருமாதி அன்று வாய்க்கால் கரையில் இலை விரிப்பதற்குள் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆசை எதுவும் மிச்சமில்லாமல் போயிருக்கிறாள், புண்ணியவதி என்று ஊரே பேசியது. சிலர் அழுதார்கள். என் இலைக்கு ஆள் வைத்துக் காக்கையைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வித்யா அவளுடைய நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் செத்தால் இப்படி அழுவாளா என்று அப்போது தோன்றியது. இப்படித் தோன்றியதை எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

மரகதத்தின் அண்ணன் படுக்கையில் இருப்பதால் காரியத்துக்கு வர முடியவில்லை. அதனால் அவரைப் பார்த்துத் துக்கம் விசாரித்து வர நானும் வித்யாவும் சாந்தன்பாறைக்குப் போனோம். வித்யா கார் ஓட்டினாள். உடுமலை தாண்டிச் சின்னாறு காட்டுக்குள் போகும்போது அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அப்படிப் பாக்காதீங்கம்மா" என்றாள்.

"எப்படிப் பாக்கறேன்?"

"பேப்பர் திருத்தற மாதிரி."

கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன். "அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு எங்கிட்ட ஏன் சொல்லல? சித்திகிட்ட மட்டும் அப்படி என்ன இருந்துச்சு?"

மறையூர் ஏற்றத்தில் ஒரு ஜீப்புக்கு வழிவிட்டாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சித்தி என்னையப் பாக்கவே மாட்டாங்கம்மா. நா பேச ஆரம்பிச்சா அவங்க மரத்தப் பாத்துட்டு இருப்பாங்க. ஏதாச்சும் குருவி இருக்கும். நானும் அதையே பாத்துட்டுச் சொல்லிருவேன். சொல்லி முடிச்சுட்டுப் பாத்தா குருவி எப்பவோ போயிருக்கும். அவங்க மட்டும் அங்கயேதான் பாத்துட்டு இருப்பாங்க. ஒங்ககிட்ட வந்தா, நா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நீங்க என் மூஞ்சியப் படிக்க ஆரம்பிச்சிருவீங்க."

பறவைகள் மரகதத்தின் கண்ணில் படுகின்றன, என் கண்ணில் படவில்லையே என்றுதான் நான் இத்தனை வருஷமும் வயிறெரிந்தேன். அதற்காகத் தொலைநோக்கி வேறு வாங்கினேன். அவளிடம் இருந்தது வேறு ஒன்று. அதைத் தெரிந்துதான் செய்தாளா என்று கேட்க இப்போது ஆளில்லை. தெரிந்து செய்திருந்தால் மகா கெட்டிக்காரி. தெரியாமலே செய்திருந்தால் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.

அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பூப்பாறையில் டீ குடிக்க நிறுத்தினோம். மழை விட்டிருந்தது. ஏலக்காய் உலர்த்துகிற வாசனை எங்கிருந்தோ வந்தது. கடைக்கு வெளியே நின்று இரண்டு பேரும் டீ குடித்தோம். வித்யா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லோணும். ரொம்ப நாளா" என்று நிறுத்தினாள்.

என் கழுத்து தானாக அவள் பக்கம் திரும்பப் போனது. அதைப் பிடித்து நிறுத்துவது இந்த வயதில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மின்கம்பி ஒன்று போயிற்று. நான் அதைப் பார்த்தேன். அதில் காக்கைகூட இல்லை. வெறும் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வித்யாவும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். டீ ஆறிப்போனது. அவள் முடிக்கும்வரை நான் திரும்பவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று இதைப் படிக்கிற நம் சொந்தங்கள் கேட்பீர்கள். மரகதமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். மாமியாரின் பிரியம், ஊரின் கண்ணீர், காக்கைகள் எல்லாம் அவளுக்கே போயின, போகட்டும். அவளிடமிருந்து எனக்கு வந்தது இந்த ஒன்றுதான். இதில் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.