சுவரோரத்து முதல் அடுக்கு

சிவநேசனை இலங்கைக்குத் திருப்பி அனுப்ப வைத்தவன் நான்தான். என் பிழையை அவன் தலையில் ஏற்றினேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

உடனே இரக்கப்படத் தொடங்காதீர்கள்! சுனாமியன்று சாய்ந்தமருதில் கடல் என் வீட்டைக் கொண்டுபோனது உண்மை. முகாமிலிருந்து கிளம்பி, அரைகுறைப் படிப்போடு கோலாலம்பூர் வரை அலைந்ததும் உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒலியைவிட வேகமாகச் சுடுகாற்றைச் செலுத்தும் சோதனைக் குழாய்கள் செய்யும் சிறிய கம்பனி அது. காற்றோட்டத்தைக் கணினியில் கணிப்பதற்காக, குழாயின் உள்வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வலை போடுவது என் வேலை. நான் கொடுக்கும் சுவர் வெப்பத்தை நம்பி உலோகத்தின் தடிப்பைத் தீர்மானிப்பவன் ஆலையடிவேம்பு ஊர்க்காரன் சிவநேசன்.

சுவரைத் தொடும் காற்று அசைவதில்லை. மயிரிழை தள்ளிப் பறக்கிறது. வெப்பத்தின் கதையெல்லாம் அந்த இழைக்குள்தான். ஆகவே சுவரை ஒட்டிய முதல் அடுக்கு மிக மெல்லியதாக இருக்கவேண்டும். ஆனால் அப்படி வைத்தால் கணிப்பு நாட்கணக்கில் இழுக்கும். நான் தடிப்பாகவே வைத்தேன். அதிர்வலைகள் படத்தில் அழகாக விழுந்தன... எல்லோரும் அதைத்தானே பார்ப்பார்கள்!

அறியாமை என்கிறீர்களா? இல்லை. ஒரு சிறு துண்டில் அடுக்கைப் பாதியாக்கி ஓட்டிப் பார்த்தேன். சுவர் வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதை அழித்துவிட்டேன். ஏன்? மறுபடி தொடங்க அலுப்பு. அவ்வளவுதான்!

"மச்சான், சுவர்ப் பக்கம் வடிவாப் பாத்துத்தானே தந்த?" என்று கேட்டான் சிவநேசன்.

"ஓம்டா. இன்னும் என்ன, பள்ளிவாசலுக்குள்ள நிண்டு சத்தியம் பண்ணவா?"

"நீ பள்ளிப் பக்கம் போறதே சந்தேகம்," என்று சிரித்துக்கொண்டே போனான்.

சோதனையில் குழாய்ச் சுவர் உருகி ஓட்டை விழுந்தது. வெப்பக் கணிப்பு சரிதானா என்று முதலாளி என்னைக் கேட்டார். சிவநேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றேன்.

அப்படியானால் பிழை உலோகத்தின் தடிப்பில்தான் என்றானது. அவனுக்கு வேலை போனது, விசாவும் போனது. வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. கிழக்கின் தமிழ் இளைஞன் ஒருவன் அப்போது கொழும்பில் இறங்குவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும்... இறங்கியவன் வீடு வந்து சேரவேயில்லை.

பிறகு ஊருக்கு வந்தபோது அவனுடைய தாயைப் பார்க்கப் போனேன். தேநீர் தந்தாள்.

"தம்பி, நீங்களும் அங்கதானே இருந்தீங்க. என்ட புள்ள என்ன பிழை விட்டவன்?"

"கணக்கில ஒரு சின்னப் பிழைம்மா."

"அவன் கணக்கில பிழை விடமாட்டானே, மகன்..."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் அவனைப் பெறவில்லை.